வர்த்தமானியில் வராத வயிற்றுக்குத்து

அரசாங்கம் வைத்தியத் திட்டத்தை மறுபடியும் மாற்றப் போகிறதாம். போன கிழமை முழுக்க எங்கள் வீட்டு ரெலிபோன் ஓயவில்லை. கேட்பவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா, இனி என்ன செய்யிறது? கொஞ்சம் பொறுத்துப் பாப்பமோ?" போன வருடம் பொறுத்துப் பார்த்துப் படுத்தவள் நான் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் உளைகிறது. வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு எனக்குத் தழும்பு இருக்கிறது. அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்ட முடியாது, கதையை எழுதலாம்.

போன வருடம், எழுபத்தைந்தாம் ஆண்டு சித்திரை வருசப் பிறப்பு. மெல்பேணில் நாங்கள் இருக்கும் கிளேட்டனில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். நான் மூன்று வடை சாப்பிட்டேன். ஐந்து என்று என் கணவர் சொல்வார், அவர் பேச்சை விடுங்கள். ஆட்கள் போன பிறகு, குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நிற்கும்போது வலது பக்கம் ஒரு குத்துக் குத்தியது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். வலி முதுகுக்குப் போய், தோள்மூட்டுக்கு ஏறி, ஒரு மணித்தியாலம் நின்று ஆடிவிட்டுப் போனது.

"வாயுதான் அக்கா, மோர்ல பெருங்காயத்தைக் கலந்து குடிங்க, சரியாயிடும்" என்றாள் அடுத்த வீட்டு வசந்தா. அவள் மதுரைக்காரி. அவள் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். நான் அங்கே தட்டெழுத்து வேலை. குடித்தேன். இரண்டு கிழமை சுகமாக இருந்தது. பிறகு வலி வந்து, போய், சொந்தக்காரர் மாதிரிச் சொல்லாமல் கொள்ளாமல் வரத் தொடங்கியது.

அப்போதே ஒரு டொக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் அந்தச் சமயம் நாடு முழுக்க ஒரே பேச்சு: யூலையில் புதுத் திட்டம் தொடங்குகிறது, இனிமேல் வைத்தியச் செலவில் பெரும் பங்கை அரசாங்கம் பார்க்கும். நல்ல செய்திதான். ஆனால் அது எங்கள் ஆட்களின் வாயில் விழுந்து வெளியே வரும்போது வேறு உருவமாக இருந்தது. புதுசாக வந்தவர்களுக்கு இல்லையாம். திட்டத்துக்கான கார்ட் எடுத்தால் விசாவைக் கிண்டுவார்களாம். பெண்ணுக்குத் தனிக் கார்ட் இல்லையாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லாவற்றுக்கும் மேலே அடிலெயிட்டிலிருந்து என் கணவரின் தங்கை புனிதம் ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணி, மூச்சு விட்டிடாதேங்கோ! யூலைக்கு முன்னம் டொக்டரிட்டப் போனால், பழைய வருத்தம், முந்தியே இருந்த நோய் எண்டு எழுதிப் போடுவாங்கள். பிறகு சல்லிக்காசு தராங்கள்."

"உண்மையே புனிதம்?"

"எனக்கே அப்பிடித்தானே செய்தவங்கள்!"

அவளுக்குச் செய்தது ஒரு தனியார் காப்புறுதிக்காரர். சேருமுன்பே இருந்த நோய்க்குச் சில மாதம் காசு கொடுக்க மாட்டோம் என்பது அவர்களுடைய விதி. அரசாங்கத் திட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் நம்பினேன். வலி வரும் நாட்களில் வேலைத்தலத்தில் பெண்கள் கழிவறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, முகத்தைக் கழுவி, திரும்பி வந்து தட்டெழுத்தில் குந்துவேன். எவ்வளவு விசரி நான்!

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சிவபாதம். இப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பகுதிக் களஞ்சியத்தைப் பார்க்கிறார். அதற்கு முன் பதினாலு வருடம் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கொழும்புக் கிளாக்கருக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான், அரசாங்க வர்த்தமானி, அதுதான் கெஜட். நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு எதுவானாலும் வர்த்தமானியில் அச்சில் வந்தால்தான் நடந்தது. மந்திரி மேடையில் நின்று சத்தியம் பண்ணினாலும், பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தாலும், அதெல்லாம் வெறும் கதை. எங்கள் கலியாண எழுத்துக்குக்கூட அத்தாட்சிப் பத்திரம் கையில் வரும்வரை என்னை "மிஸ்" என்று கூப்பிட்டவர் இவர்.

யூலை பிறந்ததும் டொக்டரிடம் போனோம். ஊர் ஆசுப்பத்திரிக்குப் போவதென்றால் மருந்துத் தண்ணி வாங்கப் போத்தல் கொண்டுபோக வேண்டுமே. அந்தப் பழக்கத்தில் நான் ஒரு போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். டொக்டரின் மேசையில் அதை மரியாதையாக வைத்தேன். அவர் எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதற்குள் சிறுநீர் ஒன்றும் இல்லையே" என்றார். இவர் கூரையைப் பார்த்தார். எனக்கு வந்த வெட்கத்தில் வயிற்றுக்குத்துக்கூட மறந்துபோனது.

அந்த டொக்டர் நல்ல மனுசர். ஆனால் அவருடைய காத்திருக்கும் அறையின் சுவரில், புதுத் திட்டத்தால் வைத்தியமே நாசமாகும் என்று ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. ரெயில்வே ஸ்ரேஷனில் கொடுத்த துண்டுப் பிரசுரத்திலோ, இனிக் கவலையே இல்லை என்று ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் இவர் வாசித்தார். "ரெண்டு பேருக்கும் தங்கட தங்கட அலுவல் இருக்கு" என்று மடித்து வைத்துவிட்டார். அதில் பிழை சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். பித்தப்பை சும்மா எக்ஸ்ரேயில் தெரியாதாம். அதனால் முதல் நாள் பின்னேரம் கொழுப்பில்லாத சாப்பாடு, அதற்குப் பிறகு ஆறு குளிசை விழுங்க வேண்டும். அந்தக் குளிசையில் இருக்கும் சாயம் இரத்தத்தில் கலந்து பித்தப்பையில் போய்த் தங்கும். மற்ற நாள் காலை வெறும் வயிற்றோடு போனால் பை வெள்ளையாகத் தெரியும், கல் இருந்தால் அந்த இடம் ஓட்டை ஓட்டையாகக் கறுக்கும். அதோடு விட்டார்களா? பாலும் முட்டையும் கலந்த ஒரு கொழுப்புத் தண்ணியைக் குடிக்க வைத்து, பை சுருங்குகிறதா என்று இன்னொரு படம். நான் சைவக்காரி, முட்டை மணத்துக்கே ஓடுகிறவள். "முருகா, இது மருந்து, சாப்பாடில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். முருகன் விளங்கிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

கல் இருந்தது. ஒன்றல்ல, ஒரு பிடி. பையையே வெட்டி எடுக்க வேண்டும், அது இல்லாமலும் மனுசர் வாழலாம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆசுப்பத்திரிக்குக் கடிதமும் எழுதித் தந்தார். "இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் இழுத்தடிக்கவும் வேண்டாம்" என்றார். எனக்கு இரண்டாவது வசனம் கேட்டது. இவருக்கு முதலாவது மட்டும்.

"ஆசுப்பத்திரிச் செலவும் திட்டத்துக்குள் வருமா?" என்று இவர் கேட்டார்.

டொக்டர் கையை விரித்தார். "எனக்கே நிச்சயமில்லை. கிழமைக்கு ஒரு சுற்றறிக்கை வருகிறது, போன கிழமை வந்ததை இந்தக் கிழமை வந்தது வெட்டுகிறது."

அன்று பின்னேரமே புனிதம் ரெலிபோன் எடுத்தாள். அடிலெயிட்டில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன், ஒரு சதமும் வாங்கவில்லையாம். அடுத்த நாள் சிட்னியிலிருந்து இவரின் பழைய கந்தோர்ச் சினேகிதர் எடுத்தார். அதெல்லாம் சுத்தப் பொய், தன் மனைவியின் ஆசுப்பத்திரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதைப்பதாகச் சொன்னார். இவருக்குத் தலை சுற்றியது. யாரோ ஒருவர் புளுகுகிறார் என்று முடிவு கட்டினார்.

ஒருவரும் புளுகவில்லை என்பதுதான் வேடிக்கை. சட்டம் கன்பராவில் போட்டது, ஆனால் ஆசுப்பத்திரிகள் மாநிலங்களின் கையில். டொக்டர் செலவு எல்லா இடமும் ஒரே நாளில் தொடங்கியது. ஆசுப்பத்திரிப் பங்கோ, ஒவ்வொரு மாநிலமும் கையெழுத்து வைத்துத் தொடங்கும் நாளில்தான். அடிலெயிட்டில் தொடங்கிவிட்டது, சிட்னியில் இல்லை. மெல்பேண் இருக்கும் எங்கள் விக்ரோரியா மாநிலம் நடுவில் நின்றது. புனிதம் சொன்னது அவள் ஊருக்கு உண்மை, சிட்னிக்காரர் சொன்னது அவர் ஊருக்கு உண்மை. எங்கள் ஊருக்கு எது உண்மை என்று சொல்லத்தான் ஆளில்லை.

இவர் விடுவாரா? ரெயில் ஏறி நகரத்துக்குப் போய், அரசாங்கப் புத்தகக் கடையில் சட்டத்தையே வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்து, அடிமட்டமும் சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். திணைக்களத்துக்குக் கடிதம் எழுதி, கார்பன் பிரதி எடுத்து, ஒரு கோப்புத் திறந்து கோத்தார். எட்டு வயசு மகள் சுகந்தி வீட்டுப்பாடத்தை நிலத்தில் இருந்து செய்தாள், மேசை அரசாங்கத்தின் வசம் போய்விட்டதால்.

டொக்டரின் கடிதம் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"இஞ்சருங்கோ, எப்பதான் முடிவு தெரியும்?"

"விக்ரோரியாவின்ர ஒப்பந்தம் வர்த்தமானியில வரட்டும். வந்த உடன போவம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது, பவளம். வீட்டுக்கு எண்டு சேர்த்த காசு முழுக்கப் போயிடும்."

"அதுக்குள்ள எனக்கு ஏதும் வந்திட்டா?"

"சும்மா பேய்க்கதை கதையாதையும். டொக்டர் அவசரமில்லை எண்டுதானே சொன்னவர்."

நானும் அந்தக் காசைத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கிளென் வேவர்லியில் ஒரு காணி பார்த்து வைத்திருந்தோம், நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காணியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் பயமும் இருந்தது. காலையில் சுகந்திக்குத் தலை பின்னும்போது, நான் இல்லாவிட்டால் இந்த மயிரை யார் சிக்கெடுப்பார் என்று ஒரு நினைப்பு வரும். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கோப்புத் திறப்பார் என்று கோபம்.

யூலை கடைசிக் கிழமை, சனிக்கிழமை காலை. வசந்தா வீட்டு வாசலில், அவள் தோட்டத்தில் பறித்த கீரை வாங்க நின்றேன். நல்ல வெயில். ஆனாலும் எனக்குக் குளிரில் உடம்பு வெடவெடத்தது, போர்வையோடு போயிருந்தேன். கீரைக் கட்டை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, கண்ணைக் காட்டுங்க. ஐயையோ, மஞ்சளா இருக்கே!"

"குளிருக்கு அப்பிடித்தான்..."

"குளிருக்கு யாருக்காவது கண்ணு மஞ்சளாகுமா? ஒன்னுக்கு என்ன கலர்ல போகுது?"

பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் என்றேன். அவள் கீரையைப் படியில் போட்டுவிட்டுக் கார்ச் சாவியோடு எங்கள் வீட்டுக்கு ஓடினாள். இவர் மேசையில் இருந்தார். எழும்பி, "ரெண்டு நாள் பொறுத்தா ஒப்பந்தம்..." என்று தொடங்கினார்.

"அண்ணே, நான் காரை எடுக்குறேன். நீங்க வர்றீங்களா, இல்ல கெஜட்டு வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கீங்களா?"

இவர் வந்தார். அந்தச் சட்டக் கோப்பையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

ஆசுப்பத்திரி வாசலில் பதிவு செய்யும் மேசைக்குப் பின்னால் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். என்னை "லவ்" என்று கூப்பிட்டாள். இந்த நாட்டில் தெரியாதவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இவருக்கு இன்னும் பழகவில்லை. இவர் கோப்பைத் திறந்து, சட்டத்தின் இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவு என்று தொடங்கினார். நான் கதிரையில் கிடந்து நடுங்கினேன். அந்தப் பெண் கையை நீட்டிக் கோப்பை மூடினாள்.

"ஐயா, உங்கள் மனைவி மஞ்சளாக இருக்கிறார்" என்றாள். "முதலில் கட்டில். பிறகு பாரம் நிரப்பலாம். காசு கணக்குக் கந்தோர்க்காரரின் தலையிடி. இந்த நிலையில் வந்த ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. புதுச் சட்டம் வர முன்னமும்தான்."

அவ்வளவுதான். இத்தனை கிழமையாக நாங்கள் தேடிய தகவல். ஒரு நாள் ரெலிபோன் எடுத்து அந்த மேசையைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மேசையில் இருப்பவரின் வாய் வார்த்தையை நம்பலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு கல் பையை விட்டு நழுவி, பித்தம் குடலுக்குப் போகும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய பித்தத்தில் கிருமி பிடித்துக் காய்ச்சல். "இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால்..." என்று இளம் டொக்டர் சொல்லத் தொடங்கி, இவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். எவ்வளவு பயந்தேன் என்று அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றி, காய்ச்சலை இறக்கி, நாலாம் நாள் வெட்டினார்கள். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். வயிற்றுக் குழாய் கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையில் பச்சையாகப் பித்தத்தை வடித்தது, உள்ளே தையல் ஆறும்வரை. அதை எங்கே போனாலும் கைப்பை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்தேன். வெட்டி எடுத்த கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். சுகந்தி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வகுப்பில் காட்டி, ஒரே நாளில் பெரிய ஆளாகிவிட்டாள்.

நான் ஊர்ப் பழக்கத்தில் கோப்பை, பேணி, தலையணை, போர்வை எல்லாம் வீட்டிலிருந்து எடுப்பித்திருந்தேன். வாட்டுக்குப் பொறுப்பான நேர்ஸ், பெரிய மிஸி, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, "குடியேற வந்தீர்களா?" என்று கேட்டாள். சிரித்ததில் தையல் சுண்டி இழுத்தது. ஐயோ, இனிச் சிரிக்க வைக்காதேங்கோ என்று கெஞ்சினேன். அங்கே தந்த சாப்பாடு ஆடும் ஜெலியும் அவித்து மசித்த பூசணிக்காயும். வசந்தா பிளாஸ்கில் எண்ணெய் இல்லாத ரசம் கொண்டுவந்தாள். மிஸி மூடியைத் திறந்து மணந்து பார்த்து, மூன்று தரம் தும்மிவிட்டு அனுமதி தந்தாள்.

சுகந்தி பின்னேரம் வரும்போது இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் இருக்கும். ஒன்று காதுக்கு மேலே, மற்றது கழுத்தில்.

"அப்பாவே பின்னினவர்?"

"இட்ஸ் ஓகே, அம்மா. ஹீ மெஷர்ட் இட்."

அடிமட்டம் வைத்து உச்சி பிரித்தாராம் மனுசன். எனக்கு அந்த மனுசனில் கோபமும் இருந்தது, பாவமும் வந்தது. இவர் தினமும் வந்தார். கஞ்சி கொண்டுவந்தார், கால் பிடித்துவிட்டார். ஆனால் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வார்த்தை தடிக்கும், தையல் தாங்காது.

நான் கட்டிலில் கிடக்கும்போதே விக்ரோரியாவின் ஆசுப்பத்திரிப் பங்கும் தொடங்கிவிட்டது. கந்தோர்க்காரருக்கே தலைகால் புரியவில்லை. பதிவு மேசைப் பெண் ஒரு நாள் வாட்டுக்கு ஏறி வந்து, "அந்தக் கோப்புக்காரர் இருக்கிறாரா?" என்று கேட்டாள். இவர் சட்டத்தை விரித்து அவளுக்கு விளங்கப்படுத்தினார். முகத்தில் பதவி உயர்வு கிடைத்த களை. அதற்குப் பிறகு வாட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் இவரைப் பிடித்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

எனக்கு அடுத்த கட்டிலில் எலேனி என்ற கிரேக்கப் பெண். எழுபது வயசு இருக்கும், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, நான் முனகினால் எட்டி என் கையைப் பிடிப்பாள். மகளிடம் வந்து மூன்று மாதம்தான். அவளுக்கும் பித்தக் கல், அவளுக்கும் கண் இலேசாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. உடனே வெட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு பின்னேரம் மகள் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தாள். புதிதாக வந்தவர்களுக்குத் திட்டத்தில் இடம் உண்டோ இல்லையோ என்று கந்தோரில் திங்கட்கிழமைதான் சொல்வார்களாம். அன்று வெள்ளி. அதுவரை தாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக, உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். என் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. வயிற்றுக் குழாயின் கட்டை மாற்றிவிட்டு மிஸி அப்போதுதான் போயிருந்தாள். இவர் வாட்டுக்குள் வரும் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"நீங்கள்தானே சட்டம் படித்தவர்?" என்று எலேனியின் மகள் இவரைக் கேட்டாள். "மூன்று மாதத்துக்கு முன் வந்தவருக்குக் கிடைக்குமா?"

உடனே கோப்பைத் திறந்து தாளைப் புரட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

பதினொரு வருடம் குடும்பம் நடத்துகிறேன். அந்த மனுசனின் வாயால் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தெரியாது. ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்" என்றார். "நான் என் மனைவியை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள், தனக்கு ஏதும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். நான் படித்துக்கொண்டே இருந்தேன். காசு போனால் போகட்டும். இன்றைக்கே வெட்டச் சொல்லுங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் நான் வைக்கிறேன்."

பையின் சிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் உடுப்புகளை அலுமாரிக்குள் திரும்ப வைக்கிறாள் என்று விளங்கியது. எலேனி கிரேக்கத்தில் ஏதோ கேட்டாள், மகள் ஏதோ சொன்னாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுதாலும் தையல் இழுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும். இவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன பவளம், நோகுதோ?"

"ஓம்" என்றேன்.

"மிஸியைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம். நீங்கள் இருங்கோ."

கதிரையை இழுத்து, கட்டிலோடு ஒட்டப் போட்டுக்கொண்டு இருந்தார். எல்லாம் கேட்டது என்று நான் சொல்லவில்லை.